இரண்டாவது கண்ணாடியில் பொட்டு

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. கடையில் உட்கார்ந்த இடத்தில் வாங்கினேன். ஒரு டீக்கும் ஒரு துண்டுத் துணிக்கும் படிந்தது. விற்றவருக்குச் சரக்கின் மதிப்புத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இரண்டு டீ கேட்டிருப்பார்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் எங்களுக்கு ஒரு கண்ணாடிக் கடை. முகம் பார்க்கும் கண்ணாடி, பீரோக் கண்ணாடி, படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பது. ஆயுத பூஜைக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை சாயங்காலம், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் வந்து நின்று, சரக்கு எதையும் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"கண்ணாடியில சந்தனம் பட்டுருச்சுன்னா கீறல் விழுகாம எப்புடிங்க தொடைக்கிறது?"

"யாரு வீட்டுக் கண்ணாடி?"

"தெரிஞ்சவுக ஒருத்தவுக வீட்ல."

தெரிஞ்சவுக ஒருத்தவுக என்று ஆரம்பிக்கிற எதுவும் தெரிந்தவர் வீட்டில் நடந்ததில்லை. வாங்க வருகிறவனிடம் பணம் இருக்கும், விற்க வருகிறவனிடம் அவசரம் இருக்கும், சும்மா கேட்க வருகிறவனிடம்தான் கதை இருக்கும். டீ சொன்னேன்.

பெயர் அடைக்கலம். திருவரங்குளம் போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்து உதவியாளர். (கல்லூரியின் பெயரை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். வருஷத்துக்கு முப்பது நினைவுப் பரிசுக்கு எங்களிடம்தான் சட்டம் போடுகிறார்கள்.) டீ ஆறுவதற்குள் அதுவரை நடந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். போகும்போது நான் ஒரு துணியைக் கொடுத்தேன்.

அந்தத் துணியைப் பற்றி இப்போதே சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

2

ஆரம்பம் சரியாக அமையவில்லை. முயன்றவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

"ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று நாம் பள்ளியில்—"

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் வாசகர் இரண்டு மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எழுத வேண்டும் என்று கேட்பார்.

"கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்புக்குள் வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது சுடர்விழி—"

இதுவும் வேண்டாம். சுடர்விழிக்கு ஊர் கந்தர்வக்கோட்டைதான். தகப்பனாருக்குத் தோப்பும் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் ஒருத்தரும் தோப்புக்குள் போகப்போவதில்லை. அவளுக்கு முந்திரி கல்லூரிக் கட்டணமாக மட்டுமே பழக்கம்.

"ஓசூரில் ஒரு வேலை சுடர்விழிக்காகக் காத்திருந்தது. நவம்பர் முதல் தேதி வரைக்கும்தான் காத்திருக்கும்."

இதை வைத்துக்கொள்கிறேன். கெடு வைத்த சரக்கைத்தான் ஆள் எடுத்துப் பார்ப்பான்.

இருபத்தெட்டு வயது சுடர்விழி, லேசரில் முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருஷமாக ஆய்வு செய்கிறாள். ஆயுத பூஜைக்கு அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது. ஆய்வேட்டைக் கொடுக்கலாம் என்று குழு கையெழுத்துப் போட்டால் ஓசூர். இன்னும் கொஞ்ச நாள் செய்யம்மா என்றால் ஓசூர் வேறொருத்தருக்கு. அவ்வளவுதான் பந்தயம். இதைவிடப் பெரியதாக ஒன்றும் இந்தக் கதையில் இல்லை. அவளுக்கு இதைவிடப் பெரியதாக ஒன்றும் அந்த வாரத்தில் இல்லை.

அவள் செய்த கருவியைச் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்தது.

ஒரு கனத்த மேசை. ஒரு முனையில் சிவப்பு லேசர். கதிர் புறப்பட்டு முதல் கண்ணாடியில் பட்டு, இரண்டாவது கண்ணாடிக்குத் திரும்பி, அங்கிருந்து ஊசி போகிற அளவு ஓட்டை ஒன்றுக்குள் நுழைய வேண்டும். ஓட்டைக்குப் பின்னால் வெளிச்சத்தை அளக்கிற சில்லு. முழு வெளிச்சமும் நுழைந்தால் திரையில் நூறு என்று காட்டும். ஒன்றும் நுழையாவிட்டால் சைபர்.

கதிரை ஓட்டைக்குள் சேர்ப்பது ஒருநாள் வேலை என்றால் பரவாயில்லை. மத்தியான வெயிலுக்கு மேசை ஒரு மயிரிழை நீளும். வெளியே ஜல்லி லாரி போனால் கண்ணாடி ஒரு மயிரிழை அசையும். மறுபடி ஒரு கை இந்தத் திருகில், ஒரு கை அந்தத் திருகில். ஐந்து வருஷத்தில் மூன்று வருஷம் அவளுக்கு இதிலேயே போனது. கடுப்பில், கண்ணாடிகளுக்குப் பின்னால் சின்ன மோட்டார் வைத்து, அவற்றைத் தானாகத் திருப்பிக் கதிரை நேராக்கும் ஒரு நிரலை எழுதினாள். கடைசியில் அதுவே ஆய்வாகிவிட்டது.

அந்த நிரலுக்குக் கண் கிடையாது. கதிர் எங்கே போகிறது, ஓட்டை எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒரே ஓர் எண். கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பும். எண் கூடினால் அந்தப் பக்கமே இன்னும் கொஞ்சம். குறைந்தால் பின்வாங்கி வேறு பக்கம். எண் அடியோடு விழுந்துவிட்டால், தொலைத்த கம்மலைத் தேடுகிற மாதிரி, வட்டம் வட்டமாக விரிந்து தேடும்.

இதைக் கேட்டபோது எனக்கு என் தகப்பனார் ஞாபகம் வந்தது. பேரத்தில் அவர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். "மொகம் பொய் சொல்லும்டா, கால் சொல்லாது" என்பார். விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்வார். வந்தவனின் கால் வீதிப் பக்கம் திரும்பினால் இறக்குவார். கடைப் பக்கம் திரும்பினால் நிறுத்துவார். அவரும் குருட்டு நிரல்தான். ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் ஓட்டினார்.*

* இந்த முறைக்கு ஒரு கோளாறு உண்டு. சுற்றிலும் இறக்கமாக இருந்தால், நிற்கிற மேட்டையே மலையுச்சி என்று நம்பிவிடும். பக்கத்தில் பெரிய மலை இருப்பது தெரியாது. தகப்பனாரும் சில பீரோக் கண்ணாடிகளை அப்படித்தான் விற்றார். இந்தக் கோளாறு ஏழாம் பகுதியில் எனக்கும் வரும்.

3

பூஜை விடுமுறைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சுடர்விழி நிரலை ஓடவிட்டாள். நூறு மணி நேரம். சனிக்கிழமை இரவு வரைக்கும் அது தன்னைத் தானே நேராக்கிக்கொண்டிருக்க வேண்டும், எண்ணைக் குறித்துக்கொண்டே. ஆய்வேட்டின் முதல் பக்கத்து முதல் வாக்கியத்தை முன்பே எழுதி வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன்: "மனிதக் கை ஒருமுறையும் படாமல், நூறு மணி நேரம்." மேசையைத் தொடாதீர்கள் என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை காலை வந்தாள். செருப்பை வாசலில் விட்டாள். (தூசிக்காக உள்ளே செருப்புக் கூடாது. இது பின்னால் வரும்.) மேசைக்குப் போகாமல் முதலில் திரையைப் பார்த்தாள். கோடு தொண்ணூற்றேழில் நேராக ஓடியிருந்தது. புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ஒரு பள்ளம். எண் இரண்டுக்கு விழுந்து, பதினோரு நிமிடம் தட்டுத்தடுமாறி, தொண்ணூற்றொன்றுக்கு ஏறி, கடைசிவரைக்கும் அங்கேயே நின்றிருந்தது.

மின்வெட்டு என்று நினைத்தாள். மின்வெட்டு என்றால் குறித்துக்கொண்டிருந்த கணினியும் அல்லவா படுத்திருக்கும். லாரி? லாரிக்கு இரண்டு வரை விழாது. மேசைக்குப் போனாள்.

முதல் கண்ணாடி சுத்தமாக இருந்தது. இரண்டாவதன் நட்ட நடுவில், கட்டைவிரல் அகலத்துக்குக் காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம். அதற்கு ஒதுங்கி, கண்ணாடியின் ஓரத்தில், லேசரின் சிவப்புப் புள்ளி மங்கலாக நின்றது. ஒரே நெற்றியில் இரண்டு பொட்டு.

"அடைக்கலண்ணே."

"வந்துட்டியா பாப்பா. பொரிகடலை எடுத்து வெச்சிருக்கேன், டப்பாவுல." மற்றவர்கள் முன்னால் மேடம் என்பார். ஆள் இல்லாதபோது பாப்பா.

"இது என்னண்ணே?"

"எது?"

"இது."

"பொட்டு."

"பொட்டுன்னு தெரியுது."

"பெறகு என்னத்தைக் கேக்குற?"

"மேசையைத் தொடக் கூடாதுன்னு சீட்டு ஒட்டிட்டுத்தானே போனேன்."

"மேசையை எங்க தொட்டேன்? எட்டி நின்னு ஒத்த வெரலால வெச்சேன்."

"ஏண்ணே இதுல போய்…"

"எல்லாத்துக்கும் வெச்சாச்சு பாப்பா. ஏணி, ஜெனரேட்டரு, பிரின்சிபால் காரு, வெளக்கமாறு வரைக்கும். ஊரே ஆயுதத்தைக் கீழ வெச்சுட்டு ஒக்காந்திருக்கு. இது ஒண்ணு மட்டும் நல்ல நாளும் அதுவுமா டிக்கு டிக்குன்னு வேலை பாத்துக்கிட்டுக் கெடக்கு. இதுக்கு மட்டும் வெக்காம வாரதுக்கு மனசு கேக்குமா?"

"லேசர்ப் பெட்டி மேல வெச்சிருக்கலாம்ல?"

"பெட்டியில அபாயம்னு போட்டிருக்கு. கண்ணாடின்னா மொகம். மொகத்துல வெக்காம முதுகுலயா வெக்கிறது?" கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: "வெக்கப் போகையில வெரல் நுனியில செவப்பா ஒரு புள்ளி விழுந்துச்சு. குங்குமத்தை ஏற்கெனவே எடுத்துட்டமோன்னு ஒரு நிமிசம் முழிச்சுட்டேன்."

சுடர்விழிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் முதல் பக்கத்து முதல் வாக்கியம் ஞாபகம் வந்து நின்றுவிட்டது.

"கெட்டுருச்சா பாப்பா?"

"கெடல. பொட்டைச் சுத்திக்கிட்டு அதுவே வழி தேடிப் போயிருச்சு."

"அப்ப நல்லதுதானே. அதுவே பாத்துக்கும்னு நீதானே சொல்லுவ."

"கை பட்டுருச்சேண்ணே."

அடைக்கலம் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கையில் என்ன தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை என்பது சுடர்விழிக்குத் தெரிந்தது. மறுபடி நூறு மணி நேரம் ஓட்ட வேண்டுமானால் நான்கு நாளுக்கு மேல் வேண்டும். குழு மறுநாள் பதினோரு மணிக்கு.

(இந்த இடம்வரை படித்த என் மனைவி ஒரு சந்தேகம் கேட்டாள். இருபது வருஷம் ஆய்வகத்தில் இருக்கிற மனிதருக்குக் கண்ணாடியில் கை வைக்கக் கூடாது என்று தெரியாதா? அதுவே பாத்துக்கும், பாத்துக்கும் என்று கேட்டுக் கேட்டு, பார்த்துக்கொள்கிறதா என்று அவர்தான் பார்த்தாரோ? அடைக்கலத்தின் முகத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை என்றேன். கால் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டாள். நான் கவனிக்கவில்லை.)

4

நெறியாளர் வசந்தகுமாரைக் கெட்டவராக எழுதிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஒரு கதைக்கு ஒரு கெட்டவர் இருந்தால் வாசகருக்கு உட்கார வசதி. எழுதிப் பார்த்ததில் அவர் ஒத்துழைக்கவில்லை. தன் மாணவிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று ஓசூருக்கு மூன்று தடவை போன் செய்தவர் அவர்.

அவருடைய போனுக்கும் அந்தக் கோடு வந்துகொண்டிருந்தது. பள்ளத்தைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமையே ஆனந்தப்பட்டிருந்தார்.

"பிரமாதம் சுடர். நேராப் போற கோட்டை யாரும்மா பாக்குறா? இந்தப் பள்ளம் இருக்கு பாரு, இதுதான் ஒன் தீசிஸே."

"சார், அது அடைக்கலண்ணன் வெச்ச பொட்டு."

வசந்தகுமார் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"நான் வேற மாதிரி எழுதிட்டேனேம்மா."

"என்னன்னு சார்?"

"திட்டமிட்ட அடைப்புச் சோதனைன்னு, தீசிஸ்ல நாப்பத்தியோராம் பக்கத்துல. நேத்தே குழுவுக்கு மெயில் போயாச்சு."

"யாரு சார் திட்டம் போட்டது?"

"அதை எழுதலை. அடைப்பு வைக்கப்பட்டது, அவ்வளவுதான்."

"மொதப் பக்கத்துல கையே படலைன்னு இருக்கே சார். கை படாம அடைப்பு எப்படி வைக்கப்படும்?"

"மொதப் பக்கத்தை யாரும்மா படிக்கிறா?"

"பிரகதீஸ்வரி மேடம்."

திருச்சியிலிருந்து குழுவுக்கு வருகிற பிரகதீஸ்வரி, ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து நூற்பட்டியல் வரை படிப்பவர். வந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார் என்று பெயர். அந்த ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டால் டீ குடிப்பார். சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் வந்து குடிப்பார்.

"அவங்க கேட்டா மட்டும் பாத்துக்குவோம்" என்றார் வசந்தகுமார். "கேக்காததுக்கு நம்மளா ஏன் போய்ச் சொல்லணும்?"

இதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. நல்ல வியாபாரி பொய் சொல்லமாட்டான். வந்தவன் தானாக நினைத்துக்கொள்வதைத் திருத்தமாட்டான். எங்கள் தெருவில் இதற்குப் பெயர் நாணயம்.

சுடர்விழி எங்கள் தெருவில் பிறக்கவில்லை என்பதுதான் சிக்கல். வியாபாரிக்கு முந்திரிக் கொட்டை கொடுக்கிற குடும்பத்தில் பிறந்தவள். தராசில் கட்டைவிரல் படுவதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தே வளர்ந்தவள்.

5

துணி.

திங்கட்கிழமை சாயங்காலம் அடைக்கலம் என்னிடம் கேட்டது துடைக்கிற வழி. பொட்டால்தானே பிரச்சினை, பொட்டு போய்விட்டால் பிரச்சினையும் போய்விடும் என்பது அவர் கணக்கு. நான் செய்திருக்க வேண்டியது, அது என்ன மாதிரிக் கண்ணாடி என்று கேட்பது. கேட்கவில்லை. கண்ணாடியைப் பற்றி என்னிடம் வந்து ஒருவர் கேட்டால் எனக்குத் தெரியாமல் இருக்குமா?

மெத்தென்ற ஊதாத் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "லேசா ஊதி ஈரம் பண்ணுங்க. நடுவுலேருந்து வெளிப்பக்கமா வட்டமாத் தொடைங்க. அழுத்தித் தொடைச்சாத்தான் சந்தனம் போகும்."

"கீறல் விழுகாதே?"

"மூணு தலைமுறையாக் கண்ணாடி விக்கிறோம்ணே."

மூன்று தலைமுறையாக நாங்கள் விற்றது எல்லாம் பின்பக்கம் பூச்சு உள்ள கண்ணாடி. பளபளப்பு பின்னால் இருக்கும், முன்னால் இருப்பது வெறும் கண்ணாடி, அரிவாள்மணையைப் போட்டுத் தேய்த்தாலும் தாங்கும். லேசர்க் கண்ணாடிக்குப் பூச்சு முன்பக்கம். மயிரிழையில் நூறில் ஒரு பங்கு கனம்கூட வராது. அதை அழுத்தித் துடைப்பது, எழுதிய பலகையை அழிப்பது மாதிரி. இதை நான் தெரிந்துகொண்டது புதன்கிழமை, நடந்ததைச் சொல்ல அடைக்கலம் போன் செய்தபோது.

ஆக, மனிதக் கை படாத அந்த மேசையில் மொத்தம் பட்ட கைகள் இரண்டு. ஒன்று பக்தியில் பட்டது. இன்னொன்று கடையில் உட்கார்ந்தபடியே, கெத்தில் பட்டது. முதல் பகுதியில் இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் அடைக்கலத்தைப் பார்த்துச் சிரித்திருக்கமாட்டீர்கள்.

6

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, சுடர்விழி பிரகதீஸ்வரியைக் கூப்பிடக் கல்லூரி வாசலுக்குப் போன நேரத்தில், அடைக்கலம் உள்ளே போய், லேசாக ஊதி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வட்டமாக, அழுத்தித் துடைத்தார்.

சந்தனம் போய்விட்டது. கண்ணாடியில் பாதியும் போய்விட்டது.

சுடர்விழி திரும்பி வந்தபோது திரையில் மூன்று. கண்ணாடியில் தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரு வெளுப்பு. அடைக்கலத்தின் கையில் ஊதாத் துணி. பின்னாலேயே வசந்தகுமாரும் பிரகதீஸ்வரியும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் திட்டியிருக்கலாம். (திட்டுகிற மாதிரி ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அடைக்கலம் சொன்னதில் அது இல்லை, எடுத்துவிட்டேன்.) அவள் அந்தக் கண்ணாடியையும் அவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"அண்ணே, வெளிய போய்ச் செருப்பைப் பாத்துக்கங்க" என்றாள்.

"சரிங்க மேடம்" என்றார் அவர். அப்போது அறைக்குள் வேறு யாரும் இன்னும் வரவில்லை. பாப்பா என்று சொல்லியிருக்கலாம்.

வாசலில் நின்றபடி கதவு இடுக்கில் அவர் பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். விளக்கை அணைத்தார்கள். சிவப்புப் புள்ளி சுவரில் வட்டம் போட்டுத் தேட ஆரம்பித்தது. மூன்று. இரண்டு. மூன்று. ஏழு. நான்கு. பதினொன்று. பிரகதீஸ்வரி கையில் இருந்த ஆய்வேட்டைத் திறக்காமலே நின்றுகொண்டு, கிளி சீட்டு எடுக்கிறதைப் பார்க்கிற மாதிரி அந்தப் புள்ளியைப் பார்த்தார். பத்தொன்பது. பதினெட்டு. இருபத்தாறு. புள்ளி, கண்ணாடியில் எஞ்சியிருந்த நல்ல பாதியைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்று.

"ஒரே ஒரு சந்தேகம் சுடர்விழி" என்றார் பிரகதீஸ்வரி. "நாப்பத்தியோராம் பக்கத்துல ஒரு அடைப்பு வைக்கப்பட்டதுன்னு இருக்கு. மொதப் பக்கத்துல கை படலைன்னு இருக்கு. வெச்சது யாரு?"

வசந்தகுமார் வந்து, வெளிச்சம் வருகிறது என்று, கதவைச் சாத்திவிட்டார். உள்ளே ஏ.சி. இரைய ஆரம்பித்தது. அடைக்கலத்தின் காலடியில் மூன்று ஜோடிச் செருப்பு. மூன்றிலும் கால் இல்லை. என் தகப்பனாரே வந்து நின்றிருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

7

என் சரக்கு அவ்வளவுதான். இனி வருவது உற்பத்தி.

முதல் முடிவு. "நான்தான் மேடம் வெச்சேன். சோதனைக்காக." பிரகதீஸ்வரி, அப்படியென்றால் முதல் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள் என்கிறார். கையெழுத்து. ஓசூர். ஓர் ஆய்வேட்டின் நாற்பத்தியோராம் பக்கத்தில் ஒரு சின்னப் பொய், உலகத்தில் யாரும் திறக்காத பக்கம். ஐந்து வருஷத்தில் மூன்று வருஷம் திருகைத் திருகிய பெண்ணுக்கு அவ்வளவுகூட உரிமை இல்லையா? நல்ல விலை. என் தெருவில் எல்லோரும் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது முடிவு. "ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு மேடம்." பிரகதீஸ்வரி பேனாவை மூடுகிறார். இன்னொரு நூறு மணி நேரம், இன்னொரு கூட்டம், அது ஜனவரியில். அடைக்கலத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். இரண்டு பேருக்கு நஷ்டம், ஒரு வாக்கியத்துக்கு லாபம். உண்மைக்கு இந்த விலை கொடுக்கிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்களோடு கூட்டு வியாபாரம் வைத்துக்கொள்ளமாட்டேன்.

மூன்றாவது முடிவு. அவள் பொட்டைச் சொல்கிறாள். பிரகதீஸ்வரி சிரித்துவிடுகிறார். "அடியே, நூறு மணி நேரம் கை படாம இருந்தா அது என்ன பெருமை? இந்த ஊர்ல கை படாம எது இருக்கும்? கை பட்டும் பதினோரு நிமிசத்துல எந்திரிச்சுக்கிச்சே, அதை எழுது." தலைப்பு மாறுகிறது. அதற்குள் திரையில் எழுபது. கையெழுத்து, ஓசூர், டீ, எல்லாம்.

மூன்றாவதை எழுதி முடித்தபோது எனக்கு மனசு குளிர்ந்தது. எந்த வாக்கியத்தைத் திருப்பினாலும் வெளிச்சம் குறைந்தது. இதுதான் உச்சி என்று—

இங்கேதான் நிறுத்தினேன். சுற்றிலும் இறக்கமாக இருப்பதால் மட்டும் இது மலையாகிவிடாது. எல்லோருக்கும் லாபம் வருகிற பேரம் ஒன்றை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. பார்த்த இடங்களிலெல்லாம் கடையில் இல்லாத ஒருவன் நஷ்டப்பட்டிருந்தான். இன்னொன்றும் இருக்கிறது. மூன்று முடிவிலும் துணி கொடுத்தவனைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. கவனித்தீர்களா? நான் எழுதும்போது கவனிக்கவில்லை.

8

கூட்டம் நடந்து பத்து நாள் கழித்து, தூறலில், அடைக்கலம் மறுபடி கடைக்கு வந்தார். பாலித்தீன் உறைக்குள் ஒரு காகிதம். துணியையும் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"இதுக்கு ஒரு சட்டம் போடணுங்க."

விரித்தேன். அந்தக் கோடு. நேராக ஓடி, பள்ளத்தில் விழுந்து, ஏறி, மறுபடி நேராக. அதன் கீழே அச்சில் இரண்டு வரி ஆங்கிலம். அதற்கும் கீழே, காகிதத்தின் அடி ஓரத்தில், நீல மையில், தமிழில் ஒரு வரி. கையெழுத்து சுடர்விழியுடையதா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பாப்பா என்னண்ணே சொன்னுச்சு உள்ள?"

"ஏ.சி. சத்தத்துல எங்கங்க கேட்டுச்சு."

"பெறகாவது சொல்லிருக்கும்ல. ஓசூர் என்னாச்சு?"

"பையைக் கட்டிக்கிட்டு இருக்கு."

"ஓசூருக்கா, ஊருக்கா?"

"ரெண்டுக்கும் ஒரே பைதானேங்க."

பேரத்தில் என்னைத் தோற்கடித்தவர்கள் குறைவு. நான் துணியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"இதைப் பத்தி யாராச்சும் கேட்டாகளா?"

"கேட்டாக. தெரிஞ்சவுக ஒருத்தவுக குடுத்தாகன்னு சொன்னேன்."

அவர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கடையில் மாட்டியிருந்த கண்ணாடிகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் நான் இருந்தேன்.

அளவு எடுக்க ஆரம்பித்தேன். சட்டம் போடுகிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு. மரச்சட்டத்தின் உள்விளிம்பு படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தின்னும். அரை அங்குலச் சட்டம் போட்டால் பார்வையாக இருக்கும், ஆனால் அடியில் உள்ள நீல வரி உள்ளே போய்விடும். கால் அங்குலம் போட்டால் வரி தெரியும், சட்டம் கொஞ்சம் சப்பையாக இருக்கும். எழுதிய வரியை மறைப்பதா, காட்டுவதா என்று வாடிக்கையாளரைக் கேட்காமல் நாங்கள் அறுப்பதில்லை.

கேட்டேன். அடைக்கலம் அந்த வரிமேல் ஆள்காட்டி விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் கொண்டுபோனார். அதே வலது கை. பிறகு அளவைச் சொன்னார். சொன்ன அளவுக்கு அறுத்துப் போட்டுக் கொடுத்தேன். சட்டத்தைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்.

அந்த வரியை நான் படித்தேன். எந்தச் சட்டக்காரனும் படிப்பான். அதில் பொட்டு வைத்தவர் பெயர் இருந்திருந்தால், அதைக் காட்ட ஆசைப்படுகிற மனிதரா அவர், மறைக்கக் கூச்சப்படுகிற மனிதரா? பெயர் இல்லாமல், யாரோ வைத்தார்கள் என்பது மட்டும் இருந்திருந்தால்? எந்த அளவைச் சொல்லியிருந்தாலும் இரண்டுக்கும் பொருந்தும். அதனால் அவர் சொன்ன அளவை நான் எழுதப்போவதில்லை. என் பெயரைச் சொல்லாத அவருடைய வாய்க்கு நான் பட்ட கடன் அது.

உங்களுக்கும் அதே காகிதத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். கோடு இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, அடியில் வரி இருக்கிறது. சட்டம் மட்டும் இன்னும் அறுக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து நான் கேட்கவில்லை. கால் வீதிப் பக்கம் திரும்பிவிட்டது தெரிகிறது. படி இறங்குவதற்குள் சொல்லிவிட்டுப் போங்கள்: அரை அங்குலமா, கால் அங்குலமா?